பச்சை மைக்காரருக்கு ஒரு மறுப்பு

இந்தப் பை என் மடியிலேயே இருக்கட்டும் அக்கா, பஸ்ஸில் மேலே வைக்க வேண்டாம். உள்ளே ஒரு நோட்டு இருக்கிறது. பாட நோட்டு இல்லை, சண்டை நோட்டு. சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான் சொல்கிறேன். இருநூறு பக்க நீள நோட்டில் முப்பத்தேழு பக்கம் நான் ஒரு ஆளோடு போட்ட சண்டை. அதில் ஒரே ஒரு பாயிண்ட் பாக்கி நிற்கிறது. அதை முடிக்கத்தான் மதுரைக்குப் போகிறேன். வேறு ஒரு காரணமும் கிடையாது. நீங்கள் கேட்கவில்லைதான், நானாகச் சொல்லி வைக்கிறேன்.

என் பெயர் பேச்சியம்மாள். எல்லாரும் சிரிக்கிற இடத்தில் நீங்களும் சிரித்துவிட்டீர்கள், பரவாயில்லை. எங்கள் குலசாமி பெயர் அது. ஆனால் பெயருக்கும் எனக்கும் பொருத்தம் இருக்கிறது என்று என் அறைத்தோழி மெர்சி சொல்வாள். நான் பேசினாலே கட்டுரை வாசிப்பது மாதிரி இருக்கிறதாம். நடுவில் மூச்சு வாங்கும்போதுதான் அவள் குளிக்கப் போவாள்.

எம்.ஏ. சமூகவியல், இரண்டாம் வருடம். பல்கலைக்கழகத் திரை வட்டத்துக்கு நான்தான் செயலாளர். போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டேன். வேறு யாரும் நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும், அதுதான் நேர்மை. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, மத்தியானம் இரண்டு மணிக்கு, கருத்தரங்கக் கூடத்தில் ஏதாவது ஒரு படம் போடுவோம். வெளியே வருகிற வாசலில் ஒரு மேசை. மேசையில் 'பார்வையாளர் கருத்து' என்று அட்டையில் எழுதிய நோட்டு. பக்கத்தில் ஒரு பேனா. பேனாவைச் சணல் போட்டு மேசைக் காலோடு கட்டியிருப்போம். படித்தவர்கள் வருகிற இடம், கட்டாவிட்டால் நிற்காது.

அந்தக் கருத்துகளை வாசித்து, நல்லதாக ஐந்தைப் பொறுக்கி, அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது என் வேலை. நல்லதாக ஐந்து கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது. 'படம் சுமார், ஏசி சூப்பர்.' 'இடைவேளையில் டீ கொடுக்கலாம்.' 'முன் வரிசைப் பெண் கொண்டையை அவிழ்த்துவிட்டுப் படம் பார்க்கவும்.' இதுதான் தரம்.

ஜூலையில் ஒரு ஜப்பான் அனிமேஷன் படம் போட்டோம். "கார்ட்டூனா போடுதீங்க?" என்று கேட்டவர்கள் எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள், அன்றைக்கு வெயில் அப்படி. கதை ரொம்பச் சின்னது அக்கா. ஒரு தீவு. பள்ளிக்கூடம் எதிர்க்கரையில். தினமும் ஒரே படகில் போய்வருகிற ஒரு பெண், ஒரு பையன். பதினாறு வயது இருக்கும். அவளுடைய சைக்கிள் மணி கெட்டுப்போகிறது, அவன் சரிசெய்து கொடுக்கிறான். அவன் குடையை மறக்கிறான், அவள் எடுத்து வைக்கிறாள். இரண்டு மணி நேரமும் இதுதான். கையைக்கூடப் பிடிக்கவில்லை. கடைசியில் அவன் படிக்க வெளியூர் போகிறான். துறையில் அவள் நிற்கிறாள். படகிலிருந்து அவன் ஒரு வரி சொல்கிறான். அவள் ஒரு வரி சொல்கிறாள். படகு போய்விடுகிறது. படம் முடிந்தது.

கீழே ஆங்கிலத்தில் ஓடிய வசனத்தின்படி அவன் சொன்னது, 'நான் போறேன்.' அவள் சொன்னது, 'சரி.'

மெர்சி துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு அழுகிறாள். "எதுக்குடி அழுத?" என்று கேட்டேன். "தெரியலடி" என்றாள். தெரியாமல் அழுவது எனக்குப் பிடிக்காது. நேராக மேசைக்குப் போனேன். சணல் எட்டாததால் குனிந்து நின்றே மூன்று பக்கம் எழுதினேன்.

என்ன எழுதினேன் என்று மனப்பாடமாகச் சொல்வேன். 'இரண்டு மணி நேரம் வாயைத் திறக்காத ஒருவன் கதாநாயகன் அல்லன், சோம்பேறி. சொல்லாமல் போகிற சுகம் ஆண்களுக்கு. சொல்லாததை எல்லாம் ஊகித்து, ஊகித்ததை நம்பி, வருடக்கணக்காகத் துறையில் நிற்கிற வேலை பெண்களுக்கு. இதற்கு மென்மை என்று பெயர் வைத்தவர் யார்? அந்தப் பெண்ணுக்கும் என் கண்டனம். போகிறேன் என்கிறான், சரி என்கிறாள். நானாக இருந்தால் படகுக் கயிற்றைப் பிடித்து நிறுத்தி மூன்று கேள்வி கேட்டிருப்பேன்.'

மூன்று கேள்வி என்னென்ன என்றும் எழுதியிருந்தேன். அது இப்போது வேண்டாம்.

திங்கட்கிழமை நோட்டைத் திறந்தால், என் மூன்று பக்கத்துக்கும் கீழே ஒரே ஒரு வரி. சாய்ந்த எழுத்து. பச்சை மை.

'அவன் சொன்னானே. காது கேக்கலையா?'

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்கள். மூன்று பக்கத்துக்கு ஒரு வரி. அதுவும் கையெழுத்தில்லாமல். உடனே எழுதினேன்: 'எங்கே சொன்னான்? நேரத்தைக் குறிப்பிடவும்.' புதன்கிழமை பதில் இருந்தது: 'ஒரு மணி ஐம்பத்திரண்டாவது நிமிடம்.'

இப்போது பச்சை மைக்கு வருவோம். பச்சை மையில் யார் எழுதுவார்கள்? கெஜட்டட் ஆபீசர். எங்கள் துறையில் பச்சை மையில் கையெழுத்துப் போடுகிறவர் ஒரே ஒருவர், பேராசிரியர் அருமைநாயகம். திரை வட்டத்துக்கு ஆலோசகரும் அவர்தான். அப்புறம் என்ன ஆராய்ச்சி வேண்டியிருக்கிறது? அவர்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். ஆய்வு முறையியல் பாடம் நடத்துகிறவர், ஒரு பெண் எழுதிய கருத்தை ஒரு வரியில் தட்டிவிடுவதா?

மறுநாள் அவர் வகுப்பிலேயே எழுந்து நின்றேன். "சார், ஒரு மணி ஐம்பத்திரண்டாவது நிமிடத்துல அவன் எதுவும் சொல்லலை. இது என் உறுதியான நிலைப்பாடு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "யாரும்மா அவன்?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க சார்."

அவர் முகம் மாறிவிட்டது. குரலைத் தணித்துக்கொண்டு, "பயப்படாம சொல்லும்மா. உங்கிட்ட யாராவது ஏதாவது சொன்னானா?" என்றார்.

"சொல்லலை சார். அதுதான் பிரச்சினையே."

வகுப்பே கவிழ்ந்து சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை, நல்ல மனிதர். பெண்கள் புகார்க் குழுத் தலைவி அறைக்கு என்னை ஆள் போட்டு அனுப்பிவைத்தார். அந்த அம்மாவிடம் நாற்பது நிமிடம் படத்தின் கதையை விளக்கினேன். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு கடைசியில் அவர் கேட்டார்: "அந்தப் பையன் எந்த டிபார்ட்மெண்ட்?"

சரி, சிரித்து முடியுங்கள். கயத்தாறு வந்துவிட்டது. தண்ணீர் வேண்டுமா?

அருமைநாயகம் சார் அந்தப் படத்தையே பார்க்கவில்லை என்று அப்புறம் தெரிந்தது. அப்படியானால் பச்சை மை யார்? எனக்குச் சந்தேகப் பட்டியல் நீண்டுகொண்டே போனது. இதற்குள் நோட்டில் சண்டை வளர்ந்து, மற்றவர்களும் ஓரத்தில் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். 'பச்சைக்கே என் ஓட்டு.' 'நீலம் சொல்றதுல ஞாயம் இருக்கு, ஆனா சுருக்கமா சொல்லலாம்.' 'அந்தப் பையன் சாப்பிடற நூடுல்ஸ் எங்க கிடைக்கும்?' நான் நீலம், அவர் பச்சை. ஒரு கட்டத்தில் படம் போடாத நாளிலும் நோட்டை வாசிக்க ஆள் வந்தது.

ஒரு மணி ஐம்பத்திரண்டாவது நிமிடத்தை நான் பார்க்காமல் இருப்பேனா? ஒலி ஒளி அறைக்குப் போனேன். அங்கே சொரிமுத்து என்று ஒருவர். டெக்னீஷியன். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒப்பந்த வேலை. புரொஜெக்டர் போடுவது, மைக் கட்டுவது, கூடத்தைப் பூட்டுவது எல்லாம் அவர்தான். என்னைவிட மூன்று நான்கு வயது கூட இருக்கும். என்னைச் 'செயலாளரே' என்றுதான் கூப்பிடுவார், மரியாதையா கிண்டலா என்று ஒரு வருடமாகத் தெரியவில்லை. எப்போதும் ஒரு காதில் இயர்போன், வாய் எதையாவது முணுமுணுத்துக்கொண்டிருக்கும். பாட்டு என்று நினைத்தேன்.

"அந்தக் கடைசிக் காட்சியைப் போடுங்க" என்றேன். போட்டார். "திருப்பிப் போடுங்க" என்றேன். போட்டார். பதினோரு தடவை அக்கா. ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. பதினோராவது தடவை முடிந்ததும், "நல்லாக் கேட்டீங்களா?" என்றார்.

"நல்லா வாசிச்சேன். 'நான் போறேன்'. அவ்வளவுதான்."

"கேட்டீங்களான்னுல்லா கேட்டேன்."

"ஜப்பான் பாஷை எனக்குத் தெரியாது சொரிமுத்து. அந்தப் பச்சை மைக்கு மட்டும் தெரியுமாக்கும். சும்மா ஒரு வரியில எழுதிட்டா அறிவாளின்னு நினைப்பு. என்ன ஆளா இருக்கும் சொல்லுங்க?"

அவர் வயரைச் சுருட்டிக்கொண்டே, "மோசமான ஆளாத்தான் இருக்கணும்" என்றார்.

"மனசாட்சி இல்லாத ஆள்."

"ஆமா, அதுவும் கிடையாது."

ஒத்துப்போகிற ஆள் கிடைத்தால் எனக்குப் பொழுது போவது தெரியாது. முன்பிருந்தே திரை வட்ட வேலையாகப் போகிற அறைதான், இப்போது தினமும் சாயங்காலம் போய், பச்சை மைக்கு என்ன பதில் எழுதலாம் என்று அவரிடமே கலந்து பேசினேன். எதிராளியின் வாதத்தை நான் எடுத்துச் சொன்னால், "அதுல ஒரு நியாயம் இருக்குற மாதிரி இருக்கே" என்பார். நான் அடித்து நொறுக்குவேன். அவர் கேட்டுக்கொண்டிருப்பார். நாலே முக்கால் ஆனால், "பூட்டப் போறேன், கெளம்புங்க செயலாளரே" என்பார். விரட்டுகிற மாதிரி. "சரி, வரேன்" என்று நான் பையை எடுப்பேன். "வாங்க" என்பார். அவ்வளவுதான் பழக்கம். வேறு ஒன்றுமில்லை. ஐந்து மணிக்கு அவருக்கு ஏதோ வகுப்பு இருக்கிறது என்பது தெரியும். டைப்ரைட்டிங் என்று நினைத்திருந்தேன். அவர் சொல்லவில்லை என்று நான் வாதாடலாம். நான் கேட்கவில்லை என்பதும் பதிவாக வேண்டும்.

செப்டம்பரில் பச்சை மை எழுதியது: 'சப்டைட்டிலை மறைச்சுட்டுப் பாருங்க. அந்த ரெண்டு பேரும் சொல்றது நம்ம வீட்டுல சொல்றதுதான்.' இதற்கு நான் ஐந்து பக்கம் எழுதினேன். அதற்குப் பிறகு இரண்டு வாரம் பதிலே இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று மெர்சிக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். அவள் சாப்பிட்டுக்கொண்டே, "ஜெயிச்சவ ஏன் தினமும் நோட்டைத் திறந்து பாக்க?" என்று கேட்டாள். சாப்பிடும்போது அவள் எதையாவது கேட்பாள், நான் கண்டுகொள்வதில்லை.

போன வெள்ளிக்கிழமை நாலரை மணி. ஒலி ஒளி அறைக்குப் போனால், சொரிமுத்து சாவிக் கொத்தை மேசையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். சட்டை இஸ்திரி போட்டிருந்தது. அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"புது ஆள் வாறவரைக்கும் கூடத்துச் சாவி உங்க பொறுப்பு. சார் சொல்லிட்டாரு. இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று சாவிப் பதிவேட்டை நீட்டினார். பேனாவும் கொடுத்தார். போட்டேன்.

"நீங்க எங்க போறீங்க?"

"வேலையை விட்டாச்சு. மதுரையில நாலு மாசம் ட்ரெய்னிங், அங்கேயே தங்கி. அப்புறம் ஜப்பான். ஒரு ஃபேக்டரியில மூணு வருஷம்."

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனுஷி என்ன செய்வாள்? 'அப்படியா' என்பாள். 'எப்ப முடிவாச்சு' என்பாள். கொஞ்சம் உட்காருவாள். நான் சமூகவியல் மாணவி. புலம்பெயர் தொழிலாளர் உரிமைகள் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். ஒப்பந்தத்தை வாசித்தீர்களா, பாஸ்போர்ட்டை யார் கையிலும் கொடுக்கக் கூடாது, வார விடுமுறை உண்டா என்றெல்லாம். அவர் நின்றபடியே கேட்டார். நடுவில் ஒரு தடவை வாயைத் திறந்தார், நான் விடவில்லை. முடிந்த பிறகு சொன்னார்.

"போயிட்டு வாரேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா அக்கா? படகுக் கயிற்றைப் பிடித்து நிறுத்தி மூன்று கேள்வி கேட்பேன் என்று எழுத்தில் கொடுத்திருந்தவள் என்ன சொன்னேன் தெரியுமா?

"சரி. ஏசி ரிமோட்டுக்கு பேட்டரி போட்டுட்டீங்களா?"

"போட்டுட்டேன்" என்றார். போய்விட்டார்.

திங்கட்கிழமை நோட்டைத் திறந்தேன். எழுபத்து நான்காம் பக்கம். இதோ, நீங்களே பாருங்கள். கண்ணாடி இல்லையா? நான் வாசிக்கிறேன்.

'அவன் சொன்னது நான் போறேன் இல்லை. இத்தெகிமாஸ். பிரிச்சுப் பாத்தா போயிட்டு வாரேன், அவ்வளவுதான். நம்ம ஊர்ல போறேன்னு சொன்னா அடிக்க வருவாங்கள்லா, அதே மாதிரிதான் அங்கேயும். திரும்பி வாற இடம்னு ஒண்ணு இருக்கவன் சொல்லுற வார்த்தை. ஊரைவிட்டே போறவன் அதை அவகிட்ட சொல்லுதான். அவ சொன்னதும் சரி இல்லை. போயிட்டு வா. இதுக்கு மேல அவன் என்ன சொல்லணும் செயலாளரே?'

கடைசி வார்த்தையைக் கவனித்தீர்களா. பல்கலைக்கழகத்தில் நாலாயிரம் பேர். என்னைச் செயலாளரே என்று கூப்பிடுகிறவர் ஒருவர்.

ஓடிப்போய்ச் சாவிப் பதிவேட்டைத் திறந்தேன். 'சாவி பெற்றுக்கொண்டேன், பேச்சியம்மாள்.' பச்சை மை. என் கையாலேயே, என் கையெழுத்தையே பச்சை மையில் போட்டிருக்கிறேன், கண்ணில் படவில்லை. அருமைநாயகம் சார் பெட்டி பெட்டியாகப் பச்சைப் பேனா வாங்கி, மீந்ததை ஒலி ஒளி அறைக்குத்தான் கொடுப்பாராம். இது துறைக்கே தெரியும். செயலாளருக்குத் தெரியாது.

மெர்சியிடம் போய் நின்றேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "எனக்கு ஆகஸ்ட்லயே தெரியும்" என்றாள்.

"ஏன்டி சொல்லலை?"

"நீ பேசிக்கிட்டிருந்த."

சரி, இதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். நான் தோற்றுவிட்டேன் என்று எங்கேயும் எழுதவில்லை. என் மறுப்பு தயார். நான்கு நாள் உட்கார்ந்து தயாரித்தேன். இத்தெகிமாஸ் என்பதைத் தேடிப் பார்த்தேன். ஜப்பானில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் தினமும் காலையில் சொல்லிவிட்டுப் போகிற வார்த்தையாம் அது. தினமும். அப்படியானால் அதற்கு என்ன கனம்? நம்முடைய 'வரேன்' மட்டும் என்ன? எங்கள் வீட்டில் பால்காரர் வரேன்மா என்கிறார். கரண்ட் ரீடிங் எடுக்கிறவர் வரேன்மா என்கிறார். இவர்களெல்லாம் என்ன எங்கள் வீட்டுப் பெண்களிடம் மனதைத் திறந்து காட்டுகிறார்களா? எல்லாரும் எல்லாரிடமும் சொல்கிற வார்த்தை எப்படி ஒருத்தியிடம் சொன்ன வார்த்தையாகும்? இதுதான் என் பாயிண்ட். இதற்கு அவர் பதில் சொல்லட்டும். போனில் கேட்கலாமே என்று மெர்சி சொன்னாள். நோட்டில் நடந்த விவாதம் நோட்டில்தான் முடிய வேண்டும், அது முறை. அதனால்தான் நோட்டையே கொண்டுபோகிறேன். அவர் தங்கியிருக்கிற ட்ரெய்னிங் விடுதியில் சனிக்கிழமை மத்தியானம் இரண்டிலிருந்து நான்கு வரைக்கும் பார்க்க விடுவார்களாம். விசாரித்துவிட்டேன்.

இந்தப் புடவையா? மெர்சியுடையது. என்னுடைய சுடிதார் எதுவும் காயவில்லை.

என்ன கேட்டீர்கள்? அந்த ஆள் எப்போதும் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் போவாரா என்றா?

இல்லை. அவர் எங்கே சொன்னார். சொன்னேனே, 'பூட்டப் போறேன், கெளம்புங்க'. ஒரு வருடமாக அதுதான். எப்போதும் நான்தான் முதலில் கிளம்புவேன். அவர் போய் நான் பார்த்ததே அந்த வெள்ளிக்கிழமைதான்.

நான் கிளம்பும்போது என்ன சொல்வேனா?

நான்...

கொஞ்சம் இருங்கள் அக்கா.

நான் 'வரேன்' என்று சொல்வேன். தினமும். அது சும்மா, வாயில் வருகிறதுதான், பால்காரர் சொல்கிற மாதிரி. அவர் 'வாங்க' என்பார். ஒரு நாள்கூடச் 'சரி' என்று சொன்னதில்லை. பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நான் படி இறங்குகிறவரைக்கும் நின்று, 'வாங்க' என்பார். அடுத்த நாளே போய் நிற்பேன்.

அப்படிப் பார்த்தால் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தது நானா?

இது என் குறிப்புகளில் இல்லை. இந்தக் கோணம் எனக்குத் தோன்றவில்லை. நான்கு நாள் உட்கார்ந்து அந்த ஒரு பாயிண்டுக்குப் பதினாறு குறிப்பு எழுதினேன், இது இல்லை. அவருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் எழுதவில்லை பாருங்கள். எழுதியிருந்தால் ஆகஸ்டிலேயே என்னை மடக்கியிருக்கலாம்.

விருதுநகரா? நீங்கள் இங்கேயா இறங்குகிறீர்கள்? அதற்குள்ளேயா. இருங்கள், வழி விடுகிறேன். அந்தக் கட்டைப்பையை நான் பிடித்துக்கொள்கிறேன், நீங்கள் முதலில் இறங்குங்கள். கண்டக்டர், ஒரு நிமிஷம். பெரியவங்க இறங்குறாங்க.

என்ன அக்கா? சத்தத்தில் கேட்கவில்லை. இந்த ஜன்னல் பக்கம் வாருங்கள்.

ஆ. 'வரேன்'தானே, கேட்டது.

போயிட்டு வாங்க அக்கா.

பேட்டரியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை, கவனித்தீர்களா?